திருகிப் பார்த்த கை

ஊசி போகவில்லை. தோலைத் தாண்டி இறங்கியது, அப்புறம் டக்கென்று எதிலோ முட்டி நின்றுவிட்டது. காலமெல்லாம் பட்டறையில் ஃபிட்டராக இரும்போடு கிடந்தவன் நான். இரும்பில் இரும்பு முட்டினால் காது வேண்டாம், எலும்பே சொல்லிவிடும்.

"என்னம்மா குத்துற? சுவத்துல ஆணியா அடிக்கிற?"

நர்ஸ் பெண் ஊசியை உருவி, பஞ்சை அழுத்தி, விரலால் என் நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தாள். முகத்தில் முதலில் இருந்த சிரிப்பு இப்போது இல்லை.

அவள் தேடியது போர்ட்டை. காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், கோட்டுப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா ஒன்றை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு குழாய் உள்ளே பெரிய ரத்தக்குழாய்க்குப் போகிறது. டப்பாவின் மேல்பக்கம் ரப்பர் மாதிரி இருக்குமாம். அதில் ஊசியைக் குத்தித்தான் கீமோ மருந்தை ஏற்ற வேண்டும். முதல் தடவை போர்ட் இல்லாமல் கையிலேயே ஏற்றினார்கள். நரம்பு கருத்துக் கயிறு மாதிரி விறைத்துப் போனது. அந்தச் சிவப்பு மருந்து நரம்பை விட்டுக் கசிந்தால் சதையைப் பொசுக்கிவிடும் என்று அதற்கப்புறம்தான் சொன்னார்கள். முன்னாடியே சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

இரண்டாவது தடவை போர்ட்டில் ஒழுங்காக ஏறியது. இன்று மூன்றாவது தடவை. கட்டி சுருங்கிக்கொண்டு வருகிறது, இந்த நேரத்தில் தள்ளிப் போட்டால் அது மறுபடி தலை தூக்கும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அந்த ஒரு பேச்சை மட்டும் நான் நம்பினேன். கட்டி என் உடம்பில் இருக்கிறது, சுருங்குவது எனக்கே தெரிகிறது.

"ஐயா, மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க. இன்னொரு தடவை பாக்குறேன்."

மறுபடி குத்தினாள். மறுபடி டக்.

"உடைச்சிடப் போற! கத்துக்க என் நெஞ்சுதான் கிடைச்சுதா உனக்கு?"

"மாமா!" என்றாள் மருமகள்.

கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மகன் வெளியூர் வேலையில் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு என்னைக் கூட்டி வருகிறவள் இவள்தான். செருப்புக் கடையில் வேலை. நாள் முழுக்க ஊரார் காலைப் பார்த்துப் பார்த்து, யாரிடம் பேசினாலும் காலைப் பார்த்தே பேசுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அவள் வைக்கும் குழம்பில் உப்பு இல்லை என்பேன். உங்கள் நாக்கில்தான் ருசி இல்லை என்பாள். கீமோ வந்த பிறகு அவள் சொன்னது நிஜமாகிவிட்டது. அதை வைத்து அவள் ஒரு நாளும் கிண்டல் பண்ணவில்லை, அதுவே எனக்கு எரிச்சல்.

நர்ஸ் பெண் கையுறையைக் கழற்றினாள். "ஐயா, கீழ எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்ல."

"அந்த இடத்துல ஏதாவது இடிச்சுதா? பாரம் தூக்கினீங்களா?"

"சோத்துத் தட்டைத் தூக்கறதே பெரும்பாடு. இதுல பாரம் வேறயா?"

"கையால தொட்டு அழுத்தறது, அசைக்கிறது, அந்த மாதிரி..."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? நீங்க வெச்சது சரியில்ல, அதைச் சொல்லு முதல்ல."

பேசும்போதே நிமிர்ந்து பார்த்தேன். மருமகள் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பெரிய நர்ஸ் வந்தாள். அவளும் தடவிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஓரமாகப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். கூட்டாகக் குசுகுசுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆகாது. பெரிய நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்பி வந்து சொன்னாள்:

"போர்ட்ல ஏதோ கோளாறு. ஏன்னு தெரியாம அதைத் தொட முடியாது. டாக்டர்கிட்ட கேட்டேன். டோஸைத் தள்ள வேண்டாம், கையில நல்ல நரம்பு கிடைச்சா பக்கத்துலயே நின்னு பாத்து ஏத்தலாம், இல்லன்னா இன்னைக்கு வேண்டாம்னு சொல்றாரு."

என் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள். புறங்கையைத் தட்டினாள், நீவினாள். நரம்பு ஒன்றும் மேலே வரவில்லை. பக்கத்துத் தட்டில் அந்தச் சிவப்பு மருந்து தயாராக இருந்தது. சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் பழி என் தலையில் விழும், நெஞ்சை அறுத்துப் போர்ட் வைத்தவன் தப்பித்துக்கொள்வான் என்றும் நினைத்தேன். புத்தி அப்படித்தான் போனது.

"இது ஒண்ணு மெல்லிசாத் தெரியுது. பாக்கலாமா?" என்றாள் பெரிய நர்ஸ். ஊசியின் மூடியைக் கழற்றினாள்.

மருமகள் எழுந்து நின்றாள். "மாமா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என்னத்தை?"

"பொய் சொன்னா உங்க கால் கட்டைவிரல் உள்ள மடங்குது. இப்பவும் போர்வைக்குள்ள மடங்கித்தான் இருக்கு."

மடங்கித்தான் இருந்தது. பாழாய்ப் போன விரல்.

"நரம்பு கிழிஞ்சு கை வெந்துச்சுன்னா, அந்தக் கையை வெச்சுத்தான் நாளைக்கும் என்னை நீட்டி நீட்டித் திட்டணும். பாத்துக்கோங்க." குரல் கொஞ்சம் நடுங்கியது அவளுக்கு.

"ஊசியைக் கீழ வைம்மா," என்றேன் பெரிய நர்ஸிடம். "நான்தான் திருகினேன்."

"எதை?"

"உள்ள இருக்கிற டப்பாவை."

அடுத்தவன் முடுக்கிய நட்டை நான் நம்பியதே கிடையாது. யார் முடுக்கியிருந்தாலும் போகிற போக்கில் ஒரு தடவை கையால் திருகிப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இவர்கள் மயக்கம் கொடுத்து, நான் பார்க்காதபோது நெஞ்சில் ஒன்றை வைத்துவிட்டு, கெட்டியாக இருக்கிறது என்றால் நான் நம்ப வேண்டுமா? காயம் ஆறியதும் டிவி பார்த்துக்கொண்டே சட்டைக்குள் கையை விட்டு லேசாகத் திருகினேன். கொஞ்சம் ஆடியது. ஆடுகிறதே என்று அடுத்த நாளும் பார்த்தேன். இன்னும் ஆடியது. பயத்தில் தினமும் பார்த்தேன்.

"ஆடினா எங்ககிட்டதானே சொல்லணும்?" என்றாள் சின்ன நர்ஸ்.

"வெச்சவன்கிட்டயே போய்ச் சொல்லவா?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ரப்பர் பட்டையை அவிழ்த்து, எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

படத்தைப் பார்த்த டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "டப்பா குப்புறக் கிடக்கு பெரியவரே. ரப்பர் பக்கம் உள்ள, இரும்புப் பக்கம் வெளிய. உடம்பு இளைச்சு தோல் தொளதொளன்னு ஆனதால நீங்க திருகத் திருகப் புரண்டிருக்கு. குழாய் முறுக்கிக்கல, அது உங்க நல்ல காலம். கையாலயே புரட்டிப் பாக்குறேன். முடியலன்னா மறுபடி அறுக்கணும், இன்னைக்கு மருந்தும் கிடையாது."

அந்த இடம் மரக்க ஊசி போட்டார். டப்பாவின் ஒரு விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி, மறு விளிம்பை நெம்பினார். மரத்துப் போனாலும் உள்ளே எதுவோ பிடுங்கியது. பல்லைக் கடித்தேன். வழுக்கியது. மறுபடி நெம்பினார், அதுவும் வழுக்கியது. அவர் நெற்றியில் வேர்த்தது. நான் பக்கத்தில் கையை நீட்டினேன். கட்டில் கம்பி என்று நினைத்துப் பிடித்தது மருமகளின் மணிக்கட்டு. அவள் உருவிக்கொள்ளவில்லை.

உள்ளே ஏதோ புரண்டது.

மறுபடி ஒரு படம் எடுத்தார்கள். சின்ன நர்ஸையே குத்தச் சொன்னேன். ஊசி இறங்கியது, முட்டவில்லை. சிரிஞ்சை இழுத்தாள். ரத்தம் வரவில்லை.

"ரத்தம் வந்தாத்தான் மருந்து ஏத்தலாம் ஐயா. கையைத் தூக்குங்க. தலையை அந்தப் பக்கம் திருப்புங்க. பலமா இருமுங்க."

குடலே வெளியே வருகிற மாதிரி இருமினேன். சிரிஞ்சுக்குள் சிவப்பாக ஒரு கோடு ஏறியது. அப்புறம் நன்றாகவே வந்தது. மருமகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

"இனி திருகினா குழாயே அறுந்துடும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

மருந்து சொட்ட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் என் கை தானாகவே சட்டைப் பக்கம் போனது.

"கை," என்றாள் மருமகள்.

"சும்மா பாத்தேன்."

"மாமா, கை."

பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என் மடியில் வைத்தாள். "இந்தாங்க. இதோட மூடியைத் திருகுங்க. ஆசை தீர."

முறைத்தேன். அவள் என் காலைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் மூடியைப் பிடித்தேன். முடுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி முடுக்கினேன். பக்கத்துக் கட்டில்காரன் தூக்கத்திலிருந்து விழித்து, என்ன அது கிரீச் கிரீச் என்றான்.

"அதுவும் அவருக்கு ஏறுற மருந்துதாங்க," என்றாள் மருமகள். "பொறுத்துக்கோங்க."