மணியம்மாள் சம்மதித்ததாக நான் அச்சில் போட்ட பொய்

1

ஒரு பொய்யைத் திருத்துவதற்காக இந்தக் கதையை எழுதுகிறேன். பொய் என்னுடையது. அதுவும் சும்மா வாயால் சொன்ன பொய் இல்லை, வழவழக் காகிதத்தில் கலரில் அச்சான பொய்.

2006-இல், நான் பிளாஸ்டிக் டப்பா விற்கும் கம்பெனியின் மாதப் பத்திரிகைக்கு ஒரு ‘வெற்றிக் கதை’ வேண்டும் என்றார்கள். கடம்பத்தூர்ப் பக்கத்து நர்மதாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கடைசி வரி இது: ‘மாமியார் மணியம்மாள் தன் கையாலேயே பையை எடுத்துக் கொடுத்து மருமகளை வழியனுப்பினார்.’ சென்னையில் மேடை போட்டு அதை வாசித்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை.

நான் ஜாஹிதா. பிறந்தது பழவேற்காடு, வாழ்க்கைப்பட்டது கும்மிடிப்பூண்டி. வீட்டுக்காரர் ரஷீதுக்கு சிப்காட்டில் ஷிப்டு வேலை. எனக்குக் கீழே பதினான்கு பெண்கள் டப்பா விற்கும் கன்சல்டன்ட்டாக இருக்கிறார்கள். அதில் பதினோரு பேர் ஒரு காலத்தில் எனக்குப் பார்ட்டி* வைத்துக் கொடுத்த வீட்டுக்காரிகள். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பதினோரு பேரை நீங்கள் சேர்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

(* கேக் வெட்டுகிற பார்ட்டி இல்லை. ஒரு வீட்டுக்காரி அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுவாள். நான் போய் டப்பாக்களை வைத்து வித்தை காட்டுவேன். வாங்குகிறவர்கள் வாங்குவார்கள், கூப்பிட்டவளுக்குப் பரிசு. எல்லாரும் போன பிறகு அவளும் நானும் உட்கார்ந்து டப்பாக்களைத் துடைத்துப் பையில் அடுக்கும்போது கேட்க வேண்டும்: “இத்த நீயே ஏன் செய்யக்கூடாது?” முன்னாடியே கேட்டால் மிரண்டுவிடுவாள். மறுநாள் கேட்டால் சூடு ஆறியிருக்கும்.)

2

எங்கே ஆரம்பிப்பது?

‘பச்சைப் பசேலென்ற நெல்வயல்களுக்கு நடுவே அந்த வீடு—’

[வேண்டாம். அது மே மாதம். வயலில் பச்சை என்று ஒரு புல்கூட இல்லை.]

‘நர்மதா வாய் பேசாத, கூச்ச சுபாவமுள்ள—’

[இதுவும் புளுகு. மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்து இருபத்துமூன்று பெண்களை ஒரு கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பவளா கூச்சக்காரி?]

சரி, தண்ணீர் கொட்டியதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். டப்பாவில் தண்ணீர் ஊற்றி, மூடி, யார் தலைக்கு மேலாவது கவிழ்த்துக் காட்டுவது என் வழக்கம். சொட்டுத் தண்ணீர் விழாது. அன்றைக்கு நர்மதா வீட்டுப் பார்ட்டியில், பெரிய இடத்து அம்மாவாயிற்றே, மரியாதையாக இருக்கட்டும் என்று மணியம்மாள் தலைக்கு மேலே கவிழ்த்தேன். மொத்தத் தண்ணீரும் அவர் தலையில்.

அப்புறம் இருபத்துமூன்று பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

நர்மதா எழுந்து வந்தாள். “அக்கா, மூடிய நடுவுல அமுக்கி ஓரத்த லேசா தூக்கினு காத்த வெளிய வுடணும். பேசிக்கினே மறந்துட்டீங்க” என்றாள். திரும்பவும் தண்ணீர் ஊற்றி, மூடியை அமுக்கி, காற்றை விட்டு, தன் தலைக்கு மேலேயே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, “இப்ப இன்னா சொல்றீங்கோ?” என்றாள். ஒரு சொட்டு விழவில்லை. அன்றைக்கு வந்த ஆர்டர்போல அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

அதற்கு முன் சின்ன டப்பாவில் நான் சரியாகக் காட்டியதை ஒரே தடவை பார்த்துப் பிடித்துக்கொண்டவள். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், இவளை விடக்கூடாது.

3

டப்பாக்களைத் துடைக்கும்போது கேட்டேன். நர்மதா நிமிர்ந்து, “செய்றேங்கா” என்றாள். யோசிக்கக்கூட இல்லை. அவள் புருஷன் வசந்தகுமார், “அம்மாவ கேட்டுக்கோ” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார். கெட்டிக்காரர்.

மணியம்மாள் தலை துவட்டிக்கொண்டே வந்தார். [இங்கே அவரை வில்லியாக்குவது சுலபம். முதல் வரைவில் அவருக்கு ஒரு பெரிய மூக்குத்தியும் முறைப்பும் கொடுத்திருந்தேன். இரண்டையும் எடுத்துவிட்டேன்.]

“நாலு பேரு நம்ம ஊட்டுக்கு வந்தாங்க. அது மரியாத. நம்ம ஊட்டு மருமவ நாலு ஊட்டுக்குப் பை தூக்கினு போறதா? நெல்லு வாங்கறவனே நம்ம வாசலுக்குத்தான் வருவான். நாம போனதில்ல.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “எங்க வாப்பா பழவேற்காட்லேர்ந்து பொன்னேரி வரிக்கும் சைக்கிள்ல துணி மூட்டை வச்சினு ஊடு ஊடா போனவரும்மா. அதுல வந்த காசுலதான் எங்க மூணு பேருக்கும் நிக்காஹ் பண்ணாரு. அதுல இன்னா கேவலம்?”

“கேவலம்னு சொன்னேனா? நீ வந்ததுலேர்ந்து நின்னுகினே பேசுன. உனக்கு நான் ஒரு நாற்காலி போட்டேனா?”

“போடல.”

“உங்க வாப்பாவுக்கு எவனாவது போட்டானா?”

“இல்லம்மா.”

“இந்த வாசல்ல எத்தினி வியாபாரி நின்னுருப்பான். ஒருத்தனையும் நான் உக்காருன்னு சொன்னதில்ல. என் மருமவளுக்கு மட்டும் எவ நாற்காலி போடுவா, சொல்லு.”

எத்தனையோ மறுப்புகளுக்குக் கம்பெனி எனக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இதற்கு இல்லை. ஆனால் நான் சைக்கிளில் மூட்டை ஏற்றிய சலாஹுதீன் மகள்.

“யாரும் நாற்காலி போடாததாலதாம்மா அவரு ஒரு நாளைக்கு நாப்பது ஊடு போனாரு. உக்காந்திருந்தா பத்தோட நின்னுருக்கும்.”

நர்மதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மணியம்மாள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் நர்மதா மெதுவாகச் சொன்னாள்: “அத்தை, நான் நின்னுக்கறேன்.”

மணியம்மாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. நர்மதா நான் நீட்டிய சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

4

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

பத்திரிகைக்காரர்கள் விரும்பியது முதல் முடிவு. அதன் லட்சணம் உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, நர்மதா அழுது, படிவத்தைக் கிழித்து— [அவளாவது கிழிப்பதாவது.]

மூன்றாவது நடந்தது. முதல் பார்ட்டி திருவாலங்காட்டில், குணசுந்தரி என்கிற டீச்சர் வீட்டில். நர்மதா இரண்டு மணி நேரம் நின்றாள். நாற்காலி வரவில்லை, ஆர்டர் வந்தது. இன்றைக்கு, இந்த 2009-இல், அவளுக்குக் கீழே ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் பேசும்போது நடுவில் அமுக்கிக் காற்றை விட மறப்பதே இல்லை. என்னைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கிறாள். சொல்வதற்கு எனக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் மூன்று வருஷமாக, பையை எடுத்துக்கொண்டு “போய்ட்டு வரேன் அத்தை” என்று அவள் சொன்னால் பதில் கிடையாது. “வாயால ஒரே ஒரு தபா ‘போய்ட்டு வா’ன்னு சொன்னா போதும்கா. ஒம்பது பேர சேத்ததுகூட எனக்குப் பெருசில்ல” என்பாள். பத்திரிகையில் வந்த என் வரியை அவள் படித்திருக்கிறாள். அதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

5

போன மாதம் புதுப் படிவங்கள் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். நர்மதா எங்கோ பார்ட்டிக்குப் போயிருந்தாள். மணியம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, “அவ இல்ல” என்றார், அவ்வளவுதான். நான் வாசலிலேயே நின்றேன்.

அப்போது பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற பூவம்மாள் தலைக்கூடையோடு வந்தாள். மணியம்மாள் கூடையை ஒரு கை பிடித்து இறக்கினார். பிறகு உள்ளே போய், இரண்டு கையாலும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

பூவம்மாள் பதறிப்போனாள். “ஐயோ, வேணாம்மா, நான் கீயவே குந்திக்கறேன்.”

“உக்காருடின்றேன். என் மருமவளும் இந்நேரம் எவ ஊட்லயோ இப்படித்தான் நின்னுகினு இருப்பா.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எனக்கு நாற்காலி வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

வெளியே வந்ததும் நர்மதாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“அக்கா, அது ‘போய்ட்டு வா’ன்னு சொன்ன மாதிரி ஆவுமா?”

“ஆவாம பின்ன?”

“நீங்க சொல்வீங்க. அச்சுலயே போட்டவங்களாச்சே.”

என் சாட்சி இந்த ஒரு விஷயத்தில் செல்லாது. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே உங்கள் முன்னால் வைத்துவிட்டேன். நீங்கள் அந்த வீட்டு ஆளும் இல்லை, கம்பெனி ஆளும் இல்லை. ஆகுமா, ஆகாதா, நீங்களே அவளுக்குச் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு அடுத்த பார்ட்டிக்குப் போக அவளுக்கு ரயில். பையை எடுப்பதற்கு முன்னால் சொன்னால் நன்றாக இருக்கும்.