கீழக் குளம் சமர்ப்பிக்கப்பட்டது

எங்கள் பல்கலைக்கழகத்தில் நீர்நிலை ஆராய்ச்சிக்கு நிதி கேட்பவர்கள், விண்ணப்பத்துடன் அந்த நீர்நிலையையும் இணைக்க வேண்டும். குளமென்றால் கரையைச் சுற்றி ஒருமுறை நடந்து பதிவுசெய்தால் போதும், கணினியில் சேர்ந்துவிடும். சமர்ப்பிக்கும்வரை குளம் தன் இடத்திலேயே இருக்கும். சமர்ப்பித்த பிறகு மதிப்பீட்டாளர்களிடம் போய்விடும். முடிவு தெரிய ஆறு மாதம் ஆகும். அதுவரை அங்கே ஈரமண் மட்டும் இருக்கும்.

நான் ஆராய்ச்சிப் பிரிவில் உதவியாளர். பெயர் கோமதிநாயகம். விண்ணப்பங்கள் போவதற்கு முன் ஒவ்வொன்றையும் பார்த்து, சரி என்று குறிப்பது என் வேலை. ஆண்டுதோறும் பேராசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் அனுப்புவேன். கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். ஆதார் அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதவும். ‘சேமி’ வேறு, ‘சமர்ப்பி’ வேறு. இணைத்ததை ஒருமுறை திறந்து பார்க்கவும். பதினான்கு ஆண்டுகளாக அதே சுற்றறிக்கைதான். மாற்ற வேண்டிய தேவை வந்ததில்லை.

வேதியியல் துறையின் எஸ்தர் நவமணி மேலநல்லாங்குளம் என்ற ஊரின் குளத்தை நான்கு ஆண்டுகளாகக் கவனித்து வந்தார். அந்த ஊரில் எழுபது வீடுகள். பதினெட்டுப் பேருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. குளத்து நீரை மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நீரில் இருப்பது என்னவென்று கண்டுபிடிக்கும் கருவி எங்களிடம் இல்லை. அதற்குத்தான் நிதி. ஊர்க் கூட்டத்தில் ஆறு மாதம் குளமில்லாமல் இருக்க எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

கார்த்திகை மழையில் குளத்தின் அளவு, இணையதளம் ஏற்கும் வரம்பைத் தாண்டிவிட்டது. வற்றட்டும் என்று எஸ்தர் காத்திருந்தார். அப்படியே கடைசி நாள் வந்துவிட்டது. தை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிவரை அவகாசம். நாலே முக்காலுக்குக் குளத்தின் பெயர் நீளமாக இருப்பதாக இணையதளம் மறுத்தது. எஸ்தர் முன்னால் இருந்த ‘மேல’ என்பதை எடுத்துவிட்டு, நல்லாங்குளம் என்று தேடி எடுத்து இணைத்தார். நான் திறந்து பார்த்தேன். தண்ணீர் தெரிந்தது. தெளிவான தண்ணீர். இரண்டு மீன்கள் துள்ளுவதையும் பார்த்தேன். சரி என்று குறித்தேன். நாலு ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போனது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மேலநல்லாங்குளத்துக்குப் பக்கத்து ஊரான கீழநல்லாங்குளத்தில் குளத்து மடையைத் திறந்து மூடுபவர் அவர். சங்கிலி என்று பெயர். மடித்த தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

“வெள்ளிக்கிழம சாயந்தரத்துல இருந்து குளத்தக் காணல, சார். மடைக்குள்ள இது கெடந்துச்சு.”

சமர்ப்பித்ததற்கான ஒப்புகைச் சீட்டு அது. எஸ்தரின் விண்ணப்ப எண் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எஸ்தர் கீழக் குளத்தையும் ஒருமுறை சுற்றி நடந்திருந்தார். அதுவும் கணினியில் இருந்திருக்கிறது. ‘மேல’ இல்லாமல் தேடியபோது வந்தது அதுதான்.

“எப்பம் வரும்?” என்று கேட்டார் சங்கிலி.

“ஆறு மாசம் ஆகும்.”

அவர் விரல்விட்டு எண்ணினார். “நெல்லு நட்டு நாப்பது நாள் ஆச்சு, சார். இன்னும் எட்டு நாள் தாங்கும். ஒம்பதாம் நாள் தாங்காது.”

அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு உதவி மையத்தை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். சமர்ப்பித்த பிறகு இணைப்பை மாற்ற முடியாது என்றார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம், மூன்று வேலை நாட்களில் குளம் வந்துவிடும். ஆனால் அதே ஆராய்ச்சிக்கு மறுபடி விண்ணப்பிக்க மூன்று ஆண்டுகள் ஆகும். “திறந்து பாத்துட்டுத்தானே அனுப்புனீங்க, சார்?” என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

எஸ்தரை வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் ஒப்புகைச் சீட்டை இரண்டு முறை படித்தார்.

“நம்ம ரெண்டு பேருமேதான் பாத்தோம், கோமதி சார்,” என்றார். “மீன் துள்ளுச்சு. மேலக் குளத்துல மீன் ஏது?”

மறுநாள் நாங்கள் இருவரும் மேலநல்லாங்குளத்துக்குப் போனோம். எஸ்தர் முதலில் போனது பேச்சித்தாய் வீட்டுக்கு. அவருடைய கணவர் சுடலைக்கண்ணு வாரத்துக்கு இரண்டு முறை ரத்தச் சுத்திகரிப்புக்காக நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பேச்சித்தாய் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

“வெள்ளிக்கிழம போயிரும்னு சொன்னீங்க. இன்னும் கெடக்கேன்னு நானும் பாத்தேன்,” என்றார்.

“விண்ணப்பத்தத் திரும்ப வாங்கினா கீழ ஊருக்குக் குளம் கெடச்சிரும். உங்களுக்கு மூணு வருஷம் ஆகும்,” என்றார் எஸ்தர்.

பேச்சித்தாய் உள்ளே திரும்பிப் பார்த்தார். சுடலைக்கண்ணு சுவரோரமாகப் படுத்திருந்தார்.

“மூணு வருசம் அவுகளுக்கு அதிகம், டீச்சர்.”

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டார். வேண்டாம் என்றோ செய்யுங்கள் என்றோ பேச்சித்தாய் சொல்லவில்லை. தண்ணீர் வண்டி வரும் நேரமாகிவிட்டது என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்வரை நாங்கள் காத்திருந்தோம். குடத்தை இறக்கியவர், “அங்க நெல்லு எத்தன நாளுப் பயிரு?” என்று மட்டும் கேட்டார். எஸ்தர் சொன்னார்.

பேருந்தில் எஸ்தர், பதினெட்டுப் பேரின் பெயர்கள் இருந்த குறிப்பேட்டை மடியில் வைத்திருந்தார். திறக்கவில்லை.

புதன்கிழமை காலை அவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். காரணம் என்ற கட்டத்தில் ‘நெல்’ என்று எழுதினார். குறைந்தது நூறு சொற்கள் வேண்டும் என்று இணையதளம் கேட்டது. எஸ்தர் நெல் என்று நூறு முறை எழுதினார். நான் எண்ணிப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பதுதான் இருந்தது. இன்னொன்று சேர்த்தார். இந்தமுறை நாங்கள் ஐந்து தடவை திறந்து பார்த்தோம்.

அடுத்த திங்கட்கிழமை கீழக் குளம் வந்து சேர்ந்தது. நாங்கள் போனபோது பயிரின் நுனி மஞ்சளாகியிருந்தது. சங்கிலி மடையருகே நின்றிருந்தார். ஆனால் மடை திறக்கப்படவில்லை. குளத்தின் நடுவில் ஒரு மர நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் முழங்கால்வரை தண்ணீரில் உட்கார்ந்து, குனிந்து தண்ணீரைப் படித்துக்கொண்டிருந்தார்.

“குளத்தோடயே வந்தாரு,” என்றார் சங்கிலி. “மதிப்பீட்டாளராம். பாதி படிச்சிட்டாராம்.”

எஸ்தர் கரையிலிருந்து, விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டுவிட்டது என்று சொன்னார். தெரியும் என்றார் அவர். தொடங்கியதைப் பாதியில் விடும் பழக்கம் தனக்கில்லை என்றும், தெற்குப் பக்கத்தைப் படித்துவிட்டதால் அங்கிருந்து தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சங்கிலி தெற்கு மடையைத் திறந்தார். தண்ணீர் வயலுக்குள் போகும் சத்தம் கேட்டது. அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பிற்பகலில் மதிப்பீட்டாளர் வடகரைவரை படித்து முடித்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கரையேறினார். கால்சட்டையைப் பிழிந்தார்.

“நல்ல குளம். குறையொன்றும் இல்லை,” என்றார் எஸ்தரிடம். “இதற்கு எதற்காக நிதி கேட்டீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.”

எஸ்தர் மேலக் குளத்தைப் பற்றிச் சொன்னார். பதினெட்டுப் பேரைப் பற்றியும் சொன்னார். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“விதிப்படி அதைப் படிக்க எனக்கு அதிகாரம் இல்லை,” என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஆனால் என் பேருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.”

வரப்பு வழியாக நடந்தால் மேலநல்லாங்குளம் இருபது நிமிடம். நாற்காலியைச் சங்கிலி தலையில் வைத்துக்கொண்டு வந்தார். மேலக் குளத்தின் கரையில் மதிப்பீட்டாளர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நுரை ஒதுங்கிக் கிடந்த பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். முதல் சில வரிகளிலேயே நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். கரையில் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பேச்சித்தாயும் வந்தார்.

அரை மணி நேரம் கழித்து மதிப்பீட்டாளர் நிமிர்ந்தார்.

“‘இணைப்பு 1-ஐப் பார்க்கவும்’ என்று இங்கே இருக்கிறது. இணைப்பு எங்கே?”

எஸ்தர் தன் பையைத் திறந்து குறிப்பேட்டை எடுத்தார். அதற்குள் பேச்சித்தாய் வீட்டை நோக்கி நடந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சுடலைக்கண்ணுவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்தார். கரைமேட்டில் ஏறும்போது சங்கிலி மறுபக்கம் பிடித்துக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் எழுந்து நாற்காலியில் சுடலைக்கண்ணுவை உட்காரவைத்தார். தான் எதிரே நின்றுகொண்டு, அவருடைய நெற்றியிலிருந்து படிக்கத் தொடங்கினார். வெளிச்சம் படும்படி சுடலைக்கண்ணு சற்றுத் திரும்பி உட்கார்ந்தார்.