அழைப்பிதழில் இருந்த தேதி

சனிக்கிழமை காலை, நூலகம். நடந்ததை வரிசையாக எழுதினால்தான் நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியும்.

எங்கள் ஊர் நிர்வாகமான கவுன்சிலின் திட்டப் பிரிவில் எனக்கு இது இரண்டாவது வருடம். செவ்வாய், வியாழன் மாலைகளில் பொதுநிதி படிக்கிறேன். போன மாதம் என் மேலாளர் சிவாஜினி அக்கா என்னிடம் ஒரு கோப்பைத் தந்தார். அப்பாவின் நண்பர் வாசுதேவன் அங்கிள் ஸ்டேஷனுக்கு எதிரே நான்கு மாடி வணிகக் கட்டடம் கட்டுகிறார். அனுமதி கிடைத்துவிட்டது. இப்படிக் கட்டுபவர்கள் ஊர் வசதிகளுக்காக கவுன்சிலுக்கு ஒரு பங்களிப்புத் தொகை தர வேண்டும். அதில் பாதியைத் தள்ளுபடி செய்யக் கேட்டிருந்தார். இல்லாவிட்டால் திட்டமே நடக்காதாம். நடந்தால் எழுபது பேருக்கு வேலை.

அந்தத் தொகையில்தான் நூலகத்துக்கு ஒரு வகுப்பறை வர வேண்டும். இப்போது அம்னா அன்ரி புத்தக அலமாரிகளுக்கு நடுவே நின்று, இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறார். யாராவது சத்தமாக வாசித்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். தள்ளுபடி கொடுத்தால் அந்த அறை இன்னும் ஐந்து வருடம் வரைபடத்திலேயே இருக்கும்.

நான் அட்டவணை போட்டேன். ஒரு பக்கம் வேலைகள், மறுபக்கம் அறை. தள்ளுபடி பக்கம் கொஞ்சம் கூடுதலாக வந்தது. மறுபடி போட்டேன். அதேதான். வகுப்பில் முதல் நாள் எழுதிக்கொண்ட கேள்வி மட்டும் உறுத்தியது: இந்த உதவி இல்லாவிட்டாலும் இது நடக்குமா?

பதில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் காந்தத்துக்கு அடியில் இருந்தது. பால் எடுக்கப் போனவள் நின்றுவிட்டேன். வாசுதேவன் அங்கிளின் பூமி பூஜை அழைப்பிதழ். வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். கவுன்சில் முடிவெடுக்கும் நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால். பின்பக்கத்தில், தரைத்தளக் கடைகள் எல்லாம் வாடகைக்குப் போய்விட்டன, முதல் மாடிக்கு முந்துங்கள் என்று விளம்பரம் வேறு.

திங்களன்று அதை அக்காவிடம் காட்டினேன்.

"அக்கா, வீட்டுக்கு வந்த பத்திரிகையை ஆதாரமா வெக்கலாமா? அப்பாவுக்கு அவர் கேரம் பார்ட்னர் வேற."

"எத்தனை வீட்டுக்குப் போனது?"

"டூங்கபி ஊர் முழுக்க."

"எங்கட வீட்டுக்கும் வந்தது. சாப்பாடு இருக்கோ எண்டு பாத்தனான், திகதியைப் பாக்கேல்ல." சிரித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் அவரைத் தெரியுமெண்டு எழுதிக் குடுப்பம். அறிக்கையை வேற பிரிவு சரிபார்க்கட்டும். முதல்ல அவரைக் கூப்பிட்டு நேர கேள்."

அங்கிள் வந்தார். அக்காவும் என்னோடு இருந்தார். "என்னம்மா, அப்பா இப்பவும் சிவப்புக் காயை விட்டுட்டுத்தான் ஆடறாரா?" என்றபடி உட்கார்ந்தார். நான் அழைப்பிதழை மேசையில் வைத்தேன்.

"இது நம்ம பத்திரிகையாச்சே."

"ஆமா அங்கிள். தள்ளுபடி இல்லன்னா கட்ட மாட்டேன்னு எழுதியிருக்கீங்க. இதுல நாள் குறிச்சிருக்கு."

"தை வரைக்கும் வேற நல்ல நாளே இல்லன்னு ஜோசியர் சொல்லிட்டாரும்மா. என்ன ஆனாலும் அன்னிக்கு ஆரம்பிச்சே…" அங்கேயே நிறுத்திவிட்டார். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அங்கிளே சிரித்தார். "கேட்டுப் பாருங்கன்னு அக்கவுண்டன்ட் சொன்னான். கேட்டேன். ஆனா ஒண்ணு நிஜம். வாடகை வர்றதுக்கு முன்னாடியே மொத்தத்தையும் கட்டச் சொல்றீங்களே, அதுதான் கழுத்தைப் பிடிக்குது."

என் அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. கொடுப்பதா மறுப்பதா என்று மட்டும் யோசித்திருந்தேன். எப்போது வாங்குவது என்று யோசிக்கவில்லை. அன்று மாலை புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன். தள்ளுபடி கிடையாது. பாதித் தொகை இப்போது, மீதி கடைகள் திறப்பதற்கு முன், வங்கி உத்தரவாதத்துடன். அறை வேலையையும் இரண்டு கட்டமாகப் பிரிக்கலாம். சுவர்களும் கூரையும் முதல் பாதியிலேயே வந்துவிடும்.

பூஜைக்கு நான் போகவில்லை. அப்பா கொண்டுவந்த லட்டையும் கவுன்சில் முடிவு வரும்வரை தொடவில்லை. "இதுக்கும் ஏதாவது படிவம் இருக்கா?" என்று கேட்டார் அப்பா. இருக்கிறது என்றதும் லட்டு டப்பாவை மூடி வைத்தார்.

இந்தப் புதன்கிழமை கவுன்சில் என் பரிந்துரையை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒருவர் மட்டும் எதிர்த்தார்; இதே தவணையைச் சின்னக் கடைக்காரர் கேட்டால் கொடுப்போமா என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

இன்று காலை அம்னா அன்ரியிடம் சொல்லத்தான் வந்தேன். அலமாரிகளுக்கு நடுவே கேட்டுவிட்டு, என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"எத்தின கதிரை போடலாம்?"

"வரைபடத்துல முப்பது நாற்காலி அன்ரி. இன்னொரு தடவை பார்த்துச் சொல்றேன்."

"ஓம், நல்லாப் பாருங்க. நான் நாப்பது பேருக்குச் சொல்லிட்டன்."

வரைபடம் இப்போது என் முன்னால் விரிந்து கிடக்கிறது. ஜன்னலோரம் இன்னொரு வரிசை போட முடியுமா என்று அளந்துகொண்டிருக்கிறேன்.