கடைசித் தண்ணி

அந்தச் சலவைக்கூடத்தில் ‘கடைசித் தண்ணி’ என்றால் தண்ணீர் இல்லை. அலசி முடித்த துணிக்குக் கடைசியாக விடும் வாசனைத் திரவம் அது. நீலமாக, கொழகொழவென்று இருக்கும். எந்தப் புண்ணியவான் வைத்த பெயரோ! உள்ளே வேலை செய்கிறவர்களுக்குப் பழகிவிட்டது. வெளியாளுக்கு எப்படித் தெரியும்?

மெஷின்காரருக்கு அதோடு பதினெட்டு வருஷப் பழக்கம். மூக்கு எப்போதோ மரத்துவிட்டது. டப்பாவைத் திறந்தால் கண் மட்டும் எரியும். “நம்ம துணி தெருமுனையிலயே மணக்கும்ல” என்று பீற்றிக்கொள்வார்.

அங்கே இஸ்திரி போடும் பெண்ணைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவளுடைய மூன்று வயது மகளுக்கு ஒரு மாதமாக மூச்சிரைப்பு. அன்று லீவு போட்டு டாக்டரிடம் போயிருந்தாள். மத்தியானம் அவள் புருஷன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாந்தி பட்ட போர்வையோடு வாசலில் வந்து நின்றான்.

“வாங்க மாப்பிள்ளே. டாக்டர் என்ன சொன்னாரு?”

“அவதான் உள்ள போனா, மச்சான். எங்கிட்ட எங்க விவரமாச் சொன்னா? மருந்து வாங்க ஓடிட்டா. இந்தப் போர்வை இல்லாம இது தூங்காது.”

“கொடுங்க. மருமகளுக்கு இல்லாததா?”

“கடைசித் தண்ணி மட்டும் ரெண்டு தடவை விட்டுடுங்க. துணியில ஒண்ணும் தங்கக் கூடாது பாருங்க.”

மெஷின்காரருக்கு ஒரே பூரிப்பு. ரெண்டென்ன, மூன்று மூடி விட்டார். மெஷினுக்குள் போர்வை சுற்றிச் சுற்றி வந்தது. வாசலில் குழந்தை இருமியது. “அடி கள்ளி, மாமாவைப் பார்த்தா இருமலா?” என்று கன்னத்தைத் தட்டினார். அது முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் துவைத்து உலர்த்தி, கதகதப்போடு மடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளையும் போய்விட்டான்.

அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் கழித்துத் தங்கச்சி போனில் வந்தாள்.

“அண்ணே, மருந்துக்கடைல பெரிய வரிசை, இப்பத்தான் கிடைச்சுது. கடைசித் தண்ணி விடலைல்ல?”

“மூணு மூடி விட்டேம்மா. மாப்பிள்ளை சொன்னாரே!”

“ஐயோ! வேணாம்னுல்ல சொல்லி அனுப்பினேன்! அந்த வாசனைதான் புள்ளைக்கு ஆகலையாம். என் சேலையில இருந்து அதுதான் ஏறுதாம். டாக்டர் திட்டித் தீர்த்துட்டாரு.”

மெஷின்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. கடைசித் தண்ணியை நிஜத் தண்ணீர் என்று நினைத்து, அலசாத துணியையா குழந்தைக்குப் போர்த்துவது என்று மாப்பிள்ளை தானாகவே திருத்திச் சொல்லியிருக்கிறான்! புத்திசாலித்தனத்தை இன்றைக்கா காட்ட வேண்டும்? அவனைச் சொல்லி என்ன, மூடி மூடியாக ஊற்றியது இந்தக் கைதானே.

“அவருக்குப் போன் போடுங்கண்ணே, நான் பஸ்ஸைப் பிடிக்கிறேன்.”

நாலாவது மணியில் மாப்பிள்ளை எடுத்தான். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

“என்ன மணம் மச்சான்! வீடே கமகமங்குது. தலையோட போர்த்தி விட்டுட்டேன்.”

“புள்ளை எப்படி இருக்கு? சொல்லுங்க!”

“மெதுவாப் பேசுங்க. இவ்வளவு நேரம் கர்கர்னு இழுத்துட்டே இருந்தா. இப்பத்தான் சத்தமே இல்ல.”