பன்னிரண்டுக்குப் பதின்மூன்று

மனித குலத்தின் கவனத்துக்கு: சக்கரம் இதுவரை இரண்டு முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முதல் முறை செய்தவர் யாரென்று தெரியவில்லை. இரண்டாம் முறை செய்தவர், ஒரு வியாழக்கிழமை மாலை, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர்.

தம் சின்னக் காரின் பதினான்கு அங்குலச் சக்கரங்களைக் கடையிலேயே கொடுத்துவிட்டு, பதினாறு அங்குலத்தில் கண்ணைப் பறிக்கும் நான்கைப் பூட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி நின்றது கார்.

"எப்படி?" என்றார் மனைவியிடம்.

"காலைல எட்டு மணிக்கு எனக்கு டெஸ்ட்டுங்க. இதே வண்டியில."

"அதான்! வண்டியப் பாத்ததுமே ஆபீசர் பாதி மார்க் போட்டுருவாரு."

அவள் தையற்காரி. ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றவள். இரண்டாம் முறை, நாற்பதைத் தாண்டக் கூடாத சாலையில் நாற்பத்திரண்டில் போனதற்காக. இதுவும் போனால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் தொடங்கும் பள்ளிச் சீருடை வேலை, சொந்தமாக வண்டி ஓட்டித் துணி கொண்டுபோகத் தெரியாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஏறி வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஸ்டியரிங் கனத்தது. வேகத்தடை ஒவ்வொன்றும் முதுகெலும்பில் வந்து பெயர் சொன்னது. முழுதாக ஒடித்தபோது டயர் உள்பக்கம் கரகரவென்று உரசியது.

"புதுசுல அப்படித்தான் இருக்கும்," என்றார் செயலாளர்.

"போடப் போடத் தளர, இது என்ன ஷூவா?"

சண்டை வரப்போகிறது என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வரவில்லை. கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, புது டயரைச் சுற்றி அளந்தாள்: நூற்றுத் தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர். டிக்கியில் கிடந்த ஸ்டெப்னிதான் பழைய அளவில் மிச்சமிருந்தது. அது நூற்று எண்பத்து மூன்று.

"என்ன, வண்டிக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"சுத்தளவு கூடியிருக்கு. சக்கரம் ஒரு சுத்து சுத்தினா, முன்னவிட அதிக தூரம் போகுது. மீட்டருக்கு அது தெரியாது, பாவம். பழைய கணக்குலயே சொல்லிட்டிருக்கும். அது பன்னெண்டுன்னா வண்டி பதிமூணுல போகுது."

"அப்ப நாப்பதுக்கு?"

"முள்ளு முப்பத்தேழுல நிக்கணும்."

செயலாளர் டேப்பையே பார்த்தார். அவர் தொப்பையை மறுத்த நாளெல்லாம் அதே டேப்பைக் காட்டி வாயடைத்தவள்தான். ஆனால் காருக்கும் இவள் அளவெடுப்பாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அவளோ, உரசல் தொடங்கும் இடம்வரை ஸ்டியரிங்கை மெதுவாக ஒடித்து, அங்கே ஸ்டியரிங் வளையத்திலேயே தையல் சாக்பீசால் ஒரு கோடு போட்டாள். மறுபக்கமும் ஒன்று.

காலையில் தேர்வுச் சாலையோரம், வேகம் காட்டும் மின்பலகைக்குக் கீழே செயலாளர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். கார் வந்தது. பலகையில் பச்சையில் நாற்பது. திரும்பி வந்தபோதும் நாற்பது. பின்பக்கமாக நிறுத்தும் கட்டத்தில், சாக்பீஸ் கோட்டைத் தாண்டி ஒடிக்காமல், அனுமதித்த ஒரு முறை முன்னே எடுத்து, மறுபடி பின்னே விட்டு, அச்சில் வார்த்தது போல நிறுத்தினாள். டயர் ஒரு முணுமுணுப்புக்கூட விடவில்லை.

திறந்திருந்த கண்ணாடி வழியே ஆபீசரின் குரல் கேட்டது.

"ஸ்டியரிங்ல இது என்னம்மா கோடு?"

"அளவுக்கோடு சார். அதத் தாண்டி வெட்டினா துணி வீணாயிடும்."

ஆபீசர் சிரித்தார். கையெழுத்தும் போட்டார்.

செயலாளருக்குக் கண் கலங்கியது. இப்படி ஒருத்தியோடு இருபது வருஷம் குடித்தனம் செய்தும் அவளை முழுதாக அளந்துபார்க்கவில்லையே என்று நெஞ்சு விம்மியது. அதை அப்படியே சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார்.

"பாத்தியா, எல்லாம் நம்ம சக்கரத்தோட ராசி," என்றார்.

அவள் சாவியை அவரிடம் நீட்டினாள். திரும்பும்போது அவர் ஓட்டினார், நிமிர்ந்து உட்கார்ந்து, முள்ளைச் சரியாக நாற்பதில் வைத்து.

பலகை சிவப்பில் நாற்பத்து மூன்று காட்டியது.