ஒரே கை கட்டிய இரண்டு வீடுகள்

நிலம் குலுங்கியபோது மேஸ்திரி பாறை மேட்டில் இருந்த தன் வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடி லேசாக ஆடியது. கன்னத்தில் சின்னக் கீறல். அவ்வளவுதான். அதே நேரம் கீழே, பழைய குளத்தைத் தூர்த்த மனையில் இருந்த மைத்துனன் வீட்டில் பீரோ குப்புற விழுந்தது. படிக்கட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. மைத்துனன் மனைவிக்குக் கை முறிந்தது.

இரண்டு வீட்டையும் கட்டியவர் மேஸ்திரிதான். ஒரே வரைபடம், ஒரே லோடு கம்பி.

அதனால்தான் பேச்சு கிளம்பியது. "தன் வீடுன்னா ஒரு மாதிரி, மச்சான் வீடுன்னா ஒரு மாதிரி" என்று உறவுக்குள் வாய்க்கு வாய் பரவியது. விரிசலைப் பார்க்க வந்த மேஸ்திரியை மைத்துனன் வாசலிலேயே நிறுத்தினான்.

"வேற ஆளை வெச்சுப் பாத்துக்கறேன் அத்தான்."

அதன்பிறகு மேஸ்திரி எந்த வேலைக்கும் போகவில்லை, பூச்சுக் கரணையைத் தொடவே இல்லை. "எங்கயாவது சிமெண்டைக் குறைச்சுட்டேனான்னு எனக்கே சந்தேகம் வருது" என்றார் மனைவியிடம்.

புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அவள், மறுநாள் நிலநடுக்க ஆய்வு நிலையத்துக்கே போய்விட்டாள். "ஊருக்குள்ள அதிர்வுமானி வைக்கறீங்களாமே. எங்க வீட்டு வாசல்ல ஒண்ணு, என் தம்பி வீட்டு வாசல்ல ஒண்ணு வைங்க."

"எதுக்கும்மா?" என்றாள் அங்கிருந்த ஆய்வாளர்.

"ரெண்டையும் கட்டினது ஒரே ஆளு. ஏன் ஒண்ணு மட்டும் பிளந்துச்சுன்னு தெரியணும்."

ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இப்படி ஜோடி வீடு கிடைக்க நாங்க தவமில்ல இருக்கணும்."

கருவிகள் வைத்த வாரமே மறுபடி ஒரு சின்ன அதிர்வு வந்தது. மேட்டில் யாருக்கும் தெரியவே இல்லை. கீழே எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஆய்வாளர் இரண்டு குடும்பத்தையும் மைத்துனன் வாசலில் கூட்டி, மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். மேலே மெல்லிய நடுக்கக் கோடு. கீழே மலை மலையாக அலைகள்.

"வந்த அதிர்வு ஒண்ணுதான். பாறை அதை அப்படியே கடத்தி விட்டுடுது. இந்தச் சேறு பிடிச்சு வெச்சுப் பெருசாக்குது. போதாததுக்கு உங்க வீட்டோட ஆட்டமும் மண்ணோட ஆட்டமும் ஒரே தாளம். ஊஞ்சலை நேரம் பாத்துத் தள்ளினா ஏறுமில்லையா, அதே கதைதான்."

"அப்போ கம்பி?" மைத்துனன் குரல் இறங்கிவிட்டது.

"கருவி வெச்ச அன்னிக்கே உங்க தூண் ஒண்ணைக் கொத்திப் பாத்தாச்சு. குறையே இல்ல. இருந்திருந்தா வீடே உக்காந்திருக்கும்."

கட்டுப்போட்ட கையோடு நின்ற மைத்துனன் மனைவி, மறு கையால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கண்ணா."

மேஸ்திரி உட்காரவில்லை. "இந்த மண்ணுல வீடே கட்டக் கூடாதாம்மா?"

"கட்டலாம். அஸ்திவாரத்துக்குக் கீழ பாறை வரைக்கும் தூண் இறக்கணும். மேல பாரம் குறையணும்."

"மேல்மாடியை எடுத்துடலாம் அத்தான்," என்றான் மைத்துனன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீங்களே செய்யுங்க."

"சாமானை இறக்கி வை மச்சான். ஆளைக் கூட்டிட்டு வரேன்."

துளை போடும் இயந்திரம் வந்த அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. கறுத்த சேறு கொழகொழவென்று வந்துகொண்டே இருந்தது. பிறகு சத்தம் மாறியது. குழாய் முனையில் வெள்ளைப் பாறைத்தூள். மேஸ்திரி அதை உள்ளங்கையில் வாங்கி மைத்துனனிடம் நீட்டினார். அதற்குள் அடுத்த வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, "அப்படியே எங்க மனையிலயும் ஒரு துளை போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார்.