மஞ்சள் புள்ளி வைத்த ஈயத் தலைகள்

"படகுல மூணாவது ஆளுக்கு இடம் பத்தாது" என்று அவள் புருஷன் அன்றைக்குச் சொன்னான்.

"அதுல யாரு மூணாவது ஆளு?" என்று அவள் கேட்டாள்.

ஷூ லேஸைக் கட்டி முடித்திருந்தவன், அதை அவிழ்த்து மறுபடி கட்டினான். "தம்பி இப்பதான் இந்த ஊருக்கு மாத்தலாகி வந்திருக்கான். ஆசைப்படறான். இந்த ஒரு வருஷம் மட்டும்."

அந்த ஒரு வருஷத்துக்கு இப்போது மூன்று வயதாகிறது. அவள் ஒரு தடவைகூட மறுபடி கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற இடமா அது? கல்யாணமான நாளிலிருந்து நான்கு வருஷம் அவனோடு மீன் பிடிக்கப் போய், படகின் முன் இருக்கையில் உட்கார்ந்தவள் அவள். அவளைப் பெண் பார்க்க வந்ததே ஒரு தூண்டில் முள்தான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவள் வேலை பார்க்கும் ஜன்னலுக்கு வெளியே, கட்டைவிரலில் குத்திய தூண்டில் முள்ளோடு அவன் வந்து நின்றான். முள்ளை எடுத்தது டாக்டர்தான். ஆனால் கட்டுப் போட்ட விரலோடு மூன்று நாள் தொடர்ந்து வந்து, ஒரே மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று மூன்று தடவை கேட்டவன், மாத்திரைக்காக வரவில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது.

இருக்கை போனாலும் வேலை போகவில்லை. ஒவ்வொரு மீன்பிடிப் போட்டிக்கும் முதல் நாள், அவன் ரப்பர் மீன் பாக்கெட்டுகளையும் அலை ஏறி இறங்கும் நேர அட்டையையும் சமையலறை மேஜையில் வைத்துவிட்டு, "நீ பார்த்து எடுத்து வச்சிடு" என்று போய்விடுவான். ஜிக் ஹெட் என்று கடைக்காரர்கள் சொல்வதற்கு இந்த வீட்டில் பெயர் ஈயத் தலை. ரப்பர் மீனைக் கோத்து எறிவதற்கான முள், அதன் கழுத்தில் குண்டாக ஒரு ஈயம். கடைச் சரக்கில் எடை முன்னே பின்னே இருக்கும் என்று அவள் பின்கட்டில் அச்சு வைத்துத் தானே வார்த்தாள். மருந்து நிறுக்கும் பழைய தராசு ஒன்றில் ஒவ்வொன்றையும் நிறுத்து, நெயில் பாலிஷில் கண் மாதிரி ஒரு புள்ளி வைத்தாள். மஞ்சள் கண் நான்கு கிராம், பச்சை ஆறு, சிவப்பு ஒன்பது.

எதைப் போடுவது என்பதில்தான் பாதி மீன்பிடிப்பு இருக்கிறது. தரையைத் தொடுகிற அளவுக்குக் கனம் வேண்டும், அதற்கு மேல் ஒரு குந்துமணிகூட வேண்டாம். கனம் குறைந்தால் நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும். கூடினால் கல் மாதிரி விழும். கல்லை எந்த மீன் கடிக்கும்? முள்ளின் நீளத்தையும் ரப்பர் மீனின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, முள்முனை வெளியே வர வேண்டிய இடத்தில் நகத்தால் கீறி வைப்பாள். கோணலாகக் கோத்தால் மீன் நீந்தாது, பம்பரம் சுற்றும்.

போன வருஷம் அவன் முதல் பரிசு வாங்கினான். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கிக் காட்டி, "எல்லாம் கைராசிதாங்க" என்றான். கூட்டம் கை தட்டியது. அவன் துடைத்துப் போட்ட ஈரத் துண்டு அவள் தோளில் கிடந்தது. அன்றைக்குத்தான் அவள் கோபம் ஒரு முடிச்சாக விழுந்தது. ஒரு வருஷமாக அது இளகவேயில்லை. அவன் நன்றாகச் சாப்பிட்டபோதும், ஊர்க்கதை சொல்லிச் சிரிக்க வைத்தபோதும், ஜுரத்தில் கிடந்தவளுக்கு இரண்டு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தபோதும் அது அங்கேயே இருந்தது.

இந்த வருஷப் போட்டிக்கு முதல் நாள் மாலை, அவன் பாக்கெட்டுகளை வைத்துவிட்டுப் போனான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அலை அட்டையைப் பார்த்தாள். காற்றில்லாத நாள் என்று வானிலைச் செய்தி சொன்னது. கழிமுகத்தின் பாசித் திட்டில், இடுப்பளவுத் தண்ணீரில்தான் கொடுவா மீன் மேயும். நான்கு கிராம் போட்டால் பாசிக்கு மேலே மிதந்தாற்போல் இறங்கும். ஆறு கிராம் போட்டால் பாசிக்குள் போய்ப் புதையும். இழுக்கிற ஒவ்வொரு தடவையும் முள்ளில் பச்சைத் தாடி வரும். நாள் முழுக்க அவன் தாடியைச் சவரம் செய்துகொண்டிருக்கட்டும்.

நான்கு கிராம் அத்தனையையும் ஒரு பழைய மருந்து டப்பாவில் போட்டு அலமாரிக்குப் பின்னால் தள்ளினாள். ஆறு கிராம் தலைகளில் இருந்த பச்சையை அசிட்டோனால் துடைத்தாள். மஞ்சளைத் தொட்டுக் கண் வைத்தாள். ஒன்பதுக்குப் பச்சைக் கண். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தராசுக்குத்தான் தெரியும். அவன் தராசைத் தொட்டதேயில்லை.

மருந்தகத்தில் ஒரு லேபிளை மாற்றி ஒட்டினால் வேலை போய்விடும். பதினோரு வருஷத்தில் அவள் கையில் அப்படி ஒரு தவறு நேர்ந்ததில்லை. இன்றைக்குப் பன்னிரண்டு லேபிள்களை மாற்றினாள். ஊதிக் காய வைத்தபோது மனசு குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் படகுத்துறைக்குப் போனாள். தோல்வியைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டாமா? கொழுந்தன் பல் டாக்டர். படகில் ஏறும்போதே, "அண்ணி, இன்னிக்குக் கொடுவா வாயைத் திறந்தா சொத்தைப் பல்லையும் சேர்த்துப் பிடுங்கிடறேன்" என்றான். அவனிடம் அவளுக்குக் கோபமே வந்ததில்லை. அவள் இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது.

காலை முழுக்கத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. தூரத்தில் அவர்கள் படகில் இரண்டு பேரும் மாறி மாறி முள்ளிலிருந்து எதையோ பிய்த்து எறிவது தெரிந்தது. அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ குடித்தாள். அவ்வளவு ருசியான டீயை அவள் குடித்ததேயில்லை.

பத்தரை மணிக்குக் காற்று வந்தது.

வானிலைச் செய்தியில் இல்லாத காற்று. அவள் தலையில் கட்டியிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஏறுகிற அலையோடு சேர்ந்து படகுகளைத் திட்டின் மேல் வேகமாகத் தள்ளியது. தண்ணீர் மார்பளவு ஏறியது. மற்றவர்கள் எறிந்த நான்கு கிராம்கள் பாசி வரைக்கும் இறங்காமல் மேலாகவே இழுபட்டுப் போயின. ஒருவன் பெட்டியைக் குடைந்து கனமானதைத் தேடினான், இன்னொருவன் நங்கூரத்தோடு மல்லுக்கட்டினான். அந்த ஒரு படகில் மட்டும் ஆறு கிராம் அளவாக இறங்கிக்கொண்டிருந்தது. பாசியின் நுனியைத் தொட்டும் தொடாமலும்.

அவள் கையில் டீ ஆறிப் போனது. தூண்டில் கழி வளைந்தது. மறுபடி வளைந்தது. ஒரு மணிக்குள் மூன்று கொடுவா, அதில் பெரியது எழுபத்தொரு சென்டிமீட்டர்.

மேடையில் அவன் மைக்கை வாங்கினான். இன்றைக்காவது சொல்லட்டும், சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அவன் கூட்டத்தில் அவளைத் தேடிப் பார்த்தான். பிறகு வலது கையைத் தூக்கினான்.

"என்னத்த சொல்ல, கைராசிதாங்க."

அந்த முடிச்சு இன்னும் ஒரு சுற்று இறுகியது. வண்டி நிறுத்துமிடத்தில் கொழுந்தன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். எடை மாறியிருப்பதை முதல் வீச்சிலேயே அண்ணன் கண்டுபிடித்துவிட்டாராம். ஈயத் தலையை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாராம். கடையில் வாங்கியதைப் போடலாமா என்று இவன் கேட்டானாம், அண்ணன் விடவில்லையாம்.

"'உங்க அண்ணி மாத்தி வச்சிருக்கா, ஏதோ காரணம் இருக்கும், பேசாம போடு'ன்னாரு அண்ணி. காலையில பூரா பாசியா வந்துச்சு. அப்பவும் மாத்தல."

அவள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கோப்பையை ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். பெட்டியைச் சமையலறை மேஜையில் வைத்துத் திறந்தான். மஞ்சள் கண் தலை ஒன்றை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். சாயங்கால வெயில் மேஜை மேல் விழுந்திருந்தது. பரிசு வாங்கிய முகத்தில் சின்னப் பையனுக்குள்ள ஆவல்.

"காத்து வரும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பேசாமல் இருந்திருக்கலாம். கெட்டிக்காரி என்ற பெயர் வீட்டுக்குள்ளாவது கிடைத்திருக்கும். அவள் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு மருந்து டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து மேஜையில் கவிழ்த்தாள். நான்கு கிராம் தலைகள் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றன.

"தெரியாது" என்றாள். "நீங்க வெறுங்கையோட வரணும்னு மாத்தினேன். எல்லார் முன்னாடியும் தலை குனிஞ்சு நிக்கணும்னு."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. உருண்ட ஈயத் தலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். அதில் ஒன்றை இடது உள்ளங்கையிலும், பெட்டியிலிருந்து எடுத்ததை வலது உள்ளங்கையிலும் வைத்து எடை பார்த்தான்.

"மேடையில சொல்லியிருக்கணும்" என்றான் கடைசியில். "போன வருஷமே சொல்லியிருக்கணும். வாய் வரல. பொண்டாட்டி எடுத்துக் கொடுக்கறதைப் போடறவன்னு கிண்டல் பண்ணுவாங்கன்னு..."

"பண்ணட்டும்."

"அடுத்த வருஷம் சொல்றேன். மைக்கைப் பிடிச்சு, உன் பேரைச் சொல்லி."

"எனக்கு மைக்கு வேண்டாம்ங்க." அவள் அவன் கையிலிருந்த இரண்டையும் வாங்கினாள். இலேசானதை அவன் சட்டைப் பையில் போட்டாள். கனத்ததைத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். மூன்று வருஷமாகக் கேட்காததை அப்போதுதான் கேட்டாள்.

"என் இடத்தைக் கொடுங்க. அடுத்த போட்டிக்குப் படகுல முன்னாடி நான் உட்காரணும்."